குண்டு விழுந்த இடம்தான் எல்லை

நல்ல முடிவு எடுப்பது எப்படி என்று சொல்லித்தர ஆள் நிறைய வந்துவிட்டார்கள். ஓட்டல் ஏசி அறையில் உட்காரவைத்து, வெள்ளைப் பலகையில் வட்டம் போட்டு, வட்டத்துக்குள் அம்பு போட்டு, மதியம் சாப்பாடும் போட்டு அனுப்புகிறார்கள். நம் கடைகளிலும் கம்பெனிகளிலும் அதற்கு அவ்வளவு தேவை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. முடிவு எப்போதோ எடுத்தாகிவிட்டது. முதலாளி குளிக்கும்போது எடுத்திருப்பார், அல்லது மச்சான் வீட்டுக் கல்யாணப் பந்தியில் எடுத்திருப்பார். அதை ஆராய்ந்து எடுத்த முடிவுபோலக் காட்டுவதுதான் கஷ்டமான வேலை, அதற்குத்தான் பயிற்சி வேண்டும். பண்ருட்டிப் பக்கம் ஒரு முந்திரி நிறுவனத்தில் இருபத்தேழு வருஷம் கணக்கு எழுதியவன் நான். அந்தத் தகுதியில் இந்த வழிமுறைகளைக் கடலூர், சிதம்பரம் வட்டாரத் தொழில் பிரமுகர்களுக்குச் சமர்ப்பிக்கிறேன். மற்ற ஊர்க்காரர்கள் எடுத்தாள்வதில் ஆட்சேபணை இல்லை.

முதலாவது, அளவுகோல் உங்கள் கையில் இருக்கவேண்டும்.

இதில் நமக்கு முன்னோடிகள் கடலூர்க்காரர்கள் அல்ல, கடலூரை வாங்க வந்தவர்கள். 1690-ல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராத்தியரிடம் விலைக்கு வாங்கியது. செஞ்சியில் அப்போது இருந்தவர் சிவாஜியின் மகன் ராஜாராம். சென்னையில் கம்பெனி கவர்னர் எலிஹு யேல், பின்னால் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்துக்கே பெயராகிப்போன மனிதர். கோட்டையோடு சுற்றுப்புறமும் சேர்த்தி என்று பேச்சு. சுற்றுப்புறம் என்றால் எதுவரை? காணிக் கணக்கோ குழிக் கணக்கோ கிடையாது. ஒரு பீரங்கியால் சுட்டால் குண்டு போய் விழுகிற தூரம்வரை.

விற்றவர் மனசில் எந்தப் பீரங்கி இருந்ததோ தெரியாது. வாங்கியவர் மனசில் இருந்தது நல்ல பீரங்கி. அது சென்னையிலிருந்து வந்து இறங்கியது. எவ்வளவு மருந்து கிட்டிப்பது, முனையை எவ்வளவு தூக்குவது என்பதெல்லாம் பீரங்கிக்காரனின் கைத்திறமை, அதைக் கம்பெனிக்கு லாபமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று மேலிடத்திலிருந்து எழுத்துமூலமே யோசனை வந்தது. திசைக்கு ஒன்றாகச் சுட்டார்கள். கடலூர்ப் பட்டணமே உள்ளே வந்துவிட்டது. அப்படி வந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பேர் விழுந்தது. 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து கோட்டையைப் பிடித்து இடித்துப்போட்டார். கெடிலம் கடலைத் தொடும் இடத்தில் இன்றைக்கு மிச்சமிருப்பது கொஞ்சம் செங்கல். குண்டு கிராமம் என்ற பேர் மட்டும் அதற்குப் பிறகும் நெடுநாள் புழங்கியது.

இதில் ஒரு நயம் உண்டு. யாரும் பொய் சொல்லவில்லை. எல்லோர் கண்ணெதிரேதான் சுட்டார்கள். குண்டு எங்கே விழுந்தது என்பதில் தகராறே இல்லை. பீரங்கியை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைத்தான் யாரும் கேட்கவில்லை. உங்கள் அலுவலகத்திலும் அப்படித்தான் நடக்கவேண்டும். முடிவைப் பற்றி எவன் வேண்டுமானாலும் பேசிவிட்டுப் போகட்டும், எதை வைத்து அளப்பது என்பதை மட்டும் முன்கூட்டியே நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் பார்த்த பீரங்கி ஒரு சின்னக் கத்தி.

முந்திரிக்கொட்டை லாரியில் வந்து இறங்கும். எண்பது கிலோ மூட்டை. கொட்டையின் விலை கொட்டையில் இல்லை, உள்ளே எவ்வளவு பருப்பு தேறும் என்பதில் இருக்கிறது. அதனால் வாங்குமுன் அறுத்துப் பார்ப்பது வழக்கம். அங்கங்கே சில மூட்டைகளைப் பிரித்து, கை கையாக அள்ளிக் கலந்து, ஒரு கிலோ நிறுத்து எடுத்து, ஒவ்வொரு கொட்டையாக இரண்டாக வெட்டுவார்கள். நல்ல பருப்பு ஒரு தட்டு. சுருங்கியது, புள்ளி விழுந்தது ஒரு தட்டு. பூச்சி தின்றதும் வெறும் ஓடும் இன்னொரு தட்டு. பிறகு நல்ல பருப்பை நிறுத்து மூட்டைக்கு இவ்வளவு தேறும் என்று கணக்குப் போடவேண்டும், அது என் வேலை. அறுப்பது ஓர் அக்கா. கொட்டைத் தோலில் இருக்கிற எண்ணெய் சுட்டு அவர் விரல் நுனியெல்லாம் கறுத்து, ரேகை அழிந்து போயிருக்கும். ரேஷன் கடை மெஷினில் அவர் விரல் எடுக்காது என்று ஒவ்வொரு மாதமும் புலம்புவார்.

ஒரு வருஷம் முதலாளி தன் மாமனார் ஊர்த் தரகர் ஒருவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். சரக்கு வந்தது. அக்கா அறுத்தார். மூன்றாம் தட்டு நிறைந்தது. நான் கணக்குப் போட்டுக் காட்டினேன்.

"மேல் மூட்டைல எடுத்திருப்பீங்க. அடியில எடுங்க" என்றார் முதலாளி.

அடியில் எடுத்து அறுத்தோம். கொஞ்சம் தேவலாம், ஆனாலும் போதாது.

"அது வழியில தூறல்ல நனைஞ்ச மூட்டைப்பா. லாரிக்காரன் சொன்னான். நடுவுல பாரு."

நடுவில் எந்த மூட்டை என்பதைத் தரகரே கை காட்டினார். அக்கா அறுத்தார். முத்து முத்தாகப் பருப்பு. முதலாளி முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "இதாம்பா சரக்கு. இத எழுது."

மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்து எழுதட்டுமா என்று கேட்டேன். அப்போது எனக்கு வயசு இருபத்தாறு. "நீ கணக்குப்பிள்ளையா, ஜட்ஜா?" என்றார். எழுதினேன். அக்கா கத்தியைச் சாம்பலில் துடைத்துக்கொண்டே, "அப்ப மொத ரெண்டு எதுக்கு அறுத்தோம்?" என்று கேட்டார். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை, தட்டைப் பார்த்துக் கேட்டார்.

டேனியல் கானமன் என்ற உளவியலாளருக்கு 2002-ல் பொருளாதார நோபல் பரிசு கொடுத்தார்கள். மனித புத்தி தனக்குப் பிடித்த விடையை நோக்கி எப்படியெல்லாம் சாய்கிறது என்று தன் நண்பர் டிவெர்ஸ்கியுடன் சேர்ந்து பல காலம் ஆராய்ந்தவர். அந்தச் சாய்வுகளுக்கு அவர்கள் வகைவகையாகப் பேர் வைத்திருக்கிறார்கள். எங்கள் முதலாளி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பேர் வைத்திருந்தார்: அனுபவம்.

அந்தச் சரக்கு உடைத்து, உரித்து, தரம் பிரித்து வந்தபோது நான் எழுதிய கணக்குக்கும் டின்னில் விழுந்த பருப்புக்கும் எட்டவே எட்டவில்லை. இந்த இடத்தில் சாதாரண நிர்வாகி தடுமாறிவிடுவார். தேர்ந்த நிர்வாகி தடுமாறமாட்டார். கணக்கு சரி, பருப்புதான் குறைகிறது, ஆகவே பருப்பை யாரோ தின்றிருக்கிறார்கள் என்று முடிவாயிற்று. மறுநாளிலிருந்து சாயந்திரம் வீட்டுக்குப் போகிற பெண்களின் தூக்குவாளியைத் திறந்து பார்த்து அனுப்ப வாசலில் ஆள் போடப்பட்டது. அந்த ஆளுக்குச் சம்பளம் எழுதியதும் நான்தான். முதல் வாரம் தூக்குவாளியைத் திறந்து காட்டியவர்களில் அந்த அக்காவும் ஒருவர். உள்ளே அரை இட்லி இருந்தது. அந்த ஆள் பதினோரு வருஷம் வாசலில் இருந்தார், ஒரு பருப்பும் பிடிபடவில்லை. ஆள் நிற்பதால்தான் திருட்டு இல்லை என்று முதலாளி சொன்னார். அதற்கு என்னிடம் பதில் இல்லை, இப்போதும் இல்லை.

அடுத்தது கூட்டம். கூட்டம் போடாமல் முடிவெடுத்தால் சர்வாதிகாரி என்பார்கள். கூட்டம் போட்டால் முடிவு கைமாறிவிடுமோ என்று பயம் வேண்டாம். முதலில் நீங்கள் பேசிவிடுங்கள். "நான் ஒண்ணும் சொல்லல, நீங்கல்லாம் பேசி முடிவு பண்ணுங்க. ஆனா எனக்கு என்னமோ..." என்று ஆரம்பித்து அந்த வாக்கியத்தை முடிக்காமல் விடுவது உத்தமம். அந்த "என்னமோ"வைப் பிடித்துக்கொண்டு மேலாளர் பேசுவார், மேலாளரைப் பிடித்துக்கொண்டு மேஸ்திரி பேசுவார், டீ வருவதற்குள் எல்லோரும் ஒரே கருத்துக்கு வந்திருப்பார்கள். டீ கொண்டுவருகிற பையனுக்குத்தான் பெரும்பாலும் உண்மை நிலவரம் தெரிந்திருக்கும். அவனை யாரும் உட்காரச் சொல்லமாட்டார்கள் என்பதால் ஆபத்தில்லை.

படித்த பிள்ளைகள் வந்தால் கொஞ்சம் சிக்கல். எங்கள் சின்ன முதலாளி சென்னையில் எம்பிஏ முடித்துவிட்டு மடிக்கணினியோடு வந்து சேர்ந்தார். கையில் இருந்த பணத்துக்குப் புது உடைப்பு மெஷின் வாங்குவதா, கடலூர் முதுநகரில் ஒரு கிடங்கு வாங்குவதா என்று கேள்வி. பெரியவருக்குக் கிடங்கின்மேல் கண். அவர் பள்ளிக்கூடம் போகும்போது பார்த்த கட்டடம் அது, அதற்கு வேறு காரணம் தேவையில்லை. சின்னவர் ஒரு பட்டியல் போட்டார்: செலவு, வருமானம், ஆள் தேவை, கரண்டு, பிற்காலத்தில் விற்றால் கிடைக்கும் விலை. ஒவ்வொன்றுக்கும் இத்தனை மதிப்பெண் என்று பிரித்து, நூற்றுக்குக் கூட்டிக் காட்டினார். மெஷின் ஜெயித்தது. எட்டு மதிப்பெண் வித்தியாசம்.

பெரியவர் திரையை நன்றாகப் பார்த்தார். கோபமே படவில்லை. "ரொம்ப நல்லா பண்ணியிருக்க தம்பி. ஒண்ணு விட்டுப்போச்சே. வாஸ்து?"

ஆறாவது வரிசையாக வாஸ்து சேர்ந்தது. அதற்கு எத்தனை மதிப்பெண் என்று சின்னவர் கேட்டார். "தொழிலுக்கு ஆதாரமே அதான். ஒரு நாப்பது போடு." மற்ற ஐந்தும் அறுபதுக்குள் இடித்துப்பிடித்து உட்கார்ந்தன. கிடங்குக்கு ஈசானிய மூலையில் கிணறு இருந்தது. நாற்பதுக்கு முப்பத்தெட்டு. அந்தப் பட்டியலை அச்செடுத்து, முதலாளி, சின்ன முதலாளி, நான் மூவரும் கையெழுத்துப் போட்டுக் கோப்பில் வைத்தோம். வங்கிக்காரர் வந்தபோது அதைக் காட்டினோம், முறையாகச் செய்கிறீர்கள் என்று பாராட்டிவிட்டுப் போனார். பட்டியலும் மதிப்பெண்ணும் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். பீரங்கிக்கு மருந்து கிட்டிக்கிற மாதிரி அவை மிக வசதியானவை. 2015 நவம்பர் வெள்ளத்தில் அந்தக் கிடங்கில் எவ்வளவு உயரம் தண்ணீர் நின்றது என்பதை இங்கே எழுதினால் விஷயம் திசைமாறிவிடும்.

இனி சிதம்பரத்துக்குப் போவோம். அங்கே இருக்கும் பல்கலைக்கழகத்திடம் கற்கவேண்டியது, எந்தப் பெரிய முடிவையும் எடுக்காமலே பெரிய இடத்துக்குப் போய்ச்சேருவது எப்படி என்பது.

1929-ல் ராஜா சர் அண்ணாமலை செட்டியார் நிறுவிய பல்கலைக்கழகம் அது. சென்னைக்கு வெளியே, ஒரு கோயில் ஊரின் ஓரத்தில், வயலுக்கு நடுவே பல்கலைக்கழகம் கட்டுவது அந்தக் காலத்தில் துணிச்சல். தமிழிசைக்கு அங்கே கிடைத்த இடம், தமிழ்த்துறையில் பாடம் சொன்ன பேராசிரியர்கள் வரிசை, பின்னால் தொலைதூரக் கல்வியில் தேசம் முழுக்கச் சேர்ந்த மாணவர்கள் என்று அதன் பெருமையைப் பேச இன்னொரு கட்டுரை வேண்டும். என் தங்கை வீட்டுக்காரர் ஊர் அதன் பக்கம்தான். அந்த வட்டாரத்தில் பெண் பார்க்கப் போனால், மாப்பிள்ளை "யூனிவர்சிட்டில" என்று சொன்னால் போதும், எந்தத் துறை, என்ன வேலை என்று அடுத்த கேள்வி வராது. ஊருக்கே சோறு போட்ட இடம்.

ஒருவருக்கு வேலை கொடுப்பது நல்ல காரியம். அதை யாரும் குறை சொல்லமுடியாது. இன்னொருவருக்குக் கொடுப்பதும் நல்ல காரியமே. ஒவ்வொரு உத்தரவையும் தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் ஒன்றில்கூடப் பிழை காணமுடியாது. இப்படியே போய், 2012-ஆம் ஆண்டுவாக்கில் பணியாளர்கள் பன்னிரண்டாயிரத்துக்கு மேல். பன்னிரண்டாயிரம் பேரை வைத்துக்கொள்வோம் என்று எந்தக் கூட்டமும் தீர்மானம் போட்டிருக்காது. ஒருவரை வைத்துக்கொள்வோம் என்பதைத்தான் பன்னிரண்டாயிரம் தடவை போட்டிருப்பார்கள். சம்பளம் கொடுக்கப் பணமில்லை என்ற நிலை வந்தபோது ஊரே வீதிக்கு வந்தது. 2013-ல் தமிழ்நாடு அரசு தனிச் சட்டம் இயற்றிப் பல்கலைக்கழகத்தைத் தன் கையில் எடுத்தது. அதையொட்டி நிர்வாகியாக வந்தவர் சிவ்தாஸ் மீனா, ஐஏஎஸ் அதிகாரி. மிகுதியாக இருந்தவர்களை மாநிலம் முழுக்க அரசுக் கல்லூரிகளுக்கும் வேறு அலுவலகங்களுக்கும் பிரித்து அனுப்பினார்கள். அண்ணாமலைநகர்க் குவார்ட்டர்ஸிலிருந்து நடந்தே வேலைக்குப் போய்வந்தவர்கள் நாலு பஸ் மாறிப் போகவேண்டியதாயிற்று. பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி மாணவர்கள் அரசுக் கட்டணம்தான் கட்டுவோம் என்று வாரக்கணக்கில் உட்கார்ந்து போராடினார்கள். 2021-ல் கல்லூரி சுகாதாரத் துறைக்கு மாறி, கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி ஆனது. இருக்கும் ஊர் சிதம்பரம், பேர் கடலூர். அரசாங்கத்துக் குண்டு கொஞ்சம் தூரம் போகும்.

ஆகவே உங்களுக்கு என் ஆலோசனை: மொத்தத்தை ஒருபோதும் கூட்டிப் பார்க்காதீர்கள். ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். மொத்தத்தைக் கூட்டிப் பார்க்கிற கணக்குப்பிள்ளை எவனாவது இருந்தால் அவனுக்கு வேறு வேலை கொடுத்துவிடுங்கள். எனக்குக் கொடுத்தார்கள், இரண்டு வருஷம் சாக்குக் கணக்கு பார்த்தேன்.

முதலீடு செய்த தொழில் ஓடவில்லையென்றால் என்ன செய்வது? இன்னும் கொஞ்சம் போடுங்கள். பரங்கிப்பேட்டையில் இதற்குப் பழைய பாடம் ஒன்று இருக்கிறது. ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் கம்பெனி உத்தியோகத்தை விட்டுவிட்டு 1830-ல் அங்கே இரும்பு உருக்காலை தொடங்கினார். ஆங்கிலேய முறையில் பெரிய உலை போட்டு இரும்பு உருக்கும் முயற்சி இந்தியாவில் அதற்குமுன் அநேகமாக இல்லை. இரும்புத் தாது சேலத்தில். உலை வெள்ளாறு கடலில் சேருமிடத்தில். நடுவில் எத்தனை ஆறு, எத்தனை மேடு என்று வரைபடத்தில் விரலை வைத்துப் பார்த்தாலே மூச்சு வாங்கும். எரிக்க நிலக்கரி இல்லை, மரக்கரிதான். அதற்குக் காடு வேண்டும். வெட்ட வெட்டக் காடு தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும், கரியின் வண்டிக்கூலி ஏறிக்கொண்டே இருக்கும். கம்பெனி அரசாங்கம் கடன் கொடுத்தது. கொடுத்த கடன் முங்காமலிருக்க மேலும் கொடுத்தது. இரும்பு நன்றாகவே உருகியது, கடன்தான் உருகவில்லை.

ஹீத் முட்டாள் இல்லை, அதுதான் வேதனை. எஃகு செய்யும்போது மாங்கனீசு சேர்த்தால் தரம் உயரும் என்று கண்டுபிடித்து 1839-ல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியவர். ஷெஃபீல்டு எஃகுக்காரர்கள் அதைக் கொஞ்சம் மாற்றிச் செய்து காப்புரிமைக்குப் பிடிகொடுக்காமல் லாபம் பார்த்தார்கள். இவர் கோர்ட்டுக்கு அலைந்தே 1851-ல் செத்துப்போனார். எந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம் என்று இப்போது உட்கார்ந்து சொல்வது சுலபம். நெய்வேலியில் வெட்டியெடுக்கிறார்களே பழுப்பு நிலக்கரி, அது பரங்கிப்பேட்டையிலிருந்து ஒரு நாள் வண்டிப் பயணத்தில் மண்ணுக்கடியில் கிடந்திருக்கிறது. ஹீத்துக்கு அது தெரியாது. தெரிந்தாலும் அந்த ஈரக்கரி அவர் உலைக்கு உதவியிருக்காது. ஆனாலும் வடலூர் வழியாகப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் எனக்கு அந்த மனிதர் நினைப்பு வரும்.

தள்ளிப்போடுவதும் ஒரு முடிவே. அதற்குச் சிதம்பரத்தில் அடியார் ஒருவரே உண்டு என்று சொல்வார்கள்: திருநாளைப்போவார் என்ற நந்தனார். நாளைக்குப் போகிறேன், நாளைக்குப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்ததால் வந்த பேர். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன், சோம்பேறித்தனத்துக்கு ஒரு காவல்தெய்வம் கிடைத்ததென்று. கதையை ஒழுங்காகக் கேட்டால் வேறு மாதிரி இருக்கிறது. பெரியபுராணத்தில் நந்தனாரைத் தடுத்தது அவர் பிறந்த குலத்துக்கு ஊர் போட்டிருந்த எல்லை. கோபாலகிருஷ்ண பாரதியார் கீர்த்தனையில் பண்ணை முதலாளியாக ஒரு வேதியரும் வந்து சேர்கிறார். அவர் போகாதே என்று சொல்லவில்லை. நாற்பது வேலி நிலத்துப் பயிர் வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார். போகத் தயாராக நின்றவருக்கு நாளைப்போவார் என்று பேர். போகவிடாதவருக்குப் பேரே இல்லை, வெறும் வேதியர்.

அலுவலகத்தில் இதைக் கவனமாகப் பின்பற்றவேண்டும். கோப்பு மேலே நான்கு மாதம் கிடந்தாலும் தாமதம் கீழே இருப்பவன் பேரில்தான் எழுதப்படவேண்டும். நாங்கள் புது எடைமேடைக்கு மூன்று வருஷம் கேட்டோம். பழைய எடைமேடை தப்புக் காட்டி நஷ்டம் வந்ததும் முதல் கேள்வி, "ஏன் முன்னாடியே சொல்லல?"

நோக்கங்கள் ஒன்றோடொன்று மோதினால் என்ன செய்வது என்பதற்கு உதாரணம் தேடியபோது வீராணம் ஏரிதான் கண்ணில் பட்டது. ஆனால் அதைப் பின்பற்றவேண்டாம் என்று எச்சரிக்கவே இங்கே சொல்கிறேன்.

பராந்தகச் சோழன் காலத்து ஏரி. கொள்ளிடத்துக் கீழணையிலிருந்து வடவாற்றில் தண்ணீர் வரும். முழு மட்டம் 47.50 அடி. காட்டுமன்னார்கோவில், சிதம்பரம் பக்கத்து வயல்களுக்கு இதுதான் தண்ணீர். 2004-லிருந்து சென்னைக்கும் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் குழாயில் குடிநீர் போகிறது. ஐப்பசி, கார்த்திகை வந்தால் அரியலூர்ப் பக்கம் பெய்கிற மழையெல்லாம் செங்கால் ஓடை, கருவாட்டு ஓடை வழியாக ஏரிக்குள் இறங்கும். நிரம்ப வைத்திருந்தால் சென்னைக்கும் விவசாயிக்கும் நல்லது, ஆனால் இரவோடிரவாக வெள்ளம் வந்தால் வெள்ளியங்கால் ஓடையைத் திறக்கவேண்டியிருக்கும், திருநாரையூர்ப் பக்கத்து நடவு முழுகும். குறைத்து வைத்தால் ஊர் தப்பும், ஆனால் மழை பொய்த்துவிட்டால் கோடையில் இரண்டு பக்கமும் திட்டு விழும். மூன்று பேரையும் ஒருசேரத் திருப்திப்படுத்தும் மட்டம் எதுவும் இல்லை. பொறியாளர் ஏதோ ஓர் அடியைத் தேர்ந்தெடுத்துத்தான் ஆகவேண்டும், நாளைக்குப் பெய்யப்போகும் மழை தெரியாமல். வடகிழக்குப் பருவத்தில் முழு மட்டத்துக்குக் கொஞ்சம் குறைத்தே நிறுத்துவது வழக்கம்.

சங்கடம் இனிமேல்தான். அந்த அளவு ரகசியமில்லை. லால்பேட்டை டீக்கடையில் ஒருவர் "இன்னிக்கு எவ்ளோ?" என்பார். எது என்று யாரும் கேட்கமாட்டார்கள். "நாப்பத்தஞ்சே கால்" என்று பதில் வரும். "ஏத்திட்டானுங்களா?" என்று மூன்றாமவர் செய்தித்தாளைத் தாழ்த்துவார். ஏற்றியது யார், இறக்கியது யார், யாருக்காக என்பது சாயந்திரத்துக்குள் ஊருக்கே தெரிந்துபோகும். தப்பாகிப்போனால் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு கேள்வி கேட்பார்கள். இந்த நிலைமையில் எந்த நிர்வாகியால் நிம்மதியாக முடிவெடுக்கமுடியும்? உங்கள் கம்பெனிக்குள் இப்படி ஒரு அளவுகோலை எல்லோர் கண்ணிலும் படும்படி நட்டுவிடாதீர்கள். சிதம்பரம் கோயிலில் திரையை விலக்கினால் வெட்டவெளியும் தங்க வில்வ மாலையும் தெரிகிறது. உங்கள் கோப்பைத் திறந்தாலும் அப்படித்தான் இருக்கவேண்டும், மாலை செலவுகூட வேண்டாம்.

கடைசியாக என் சொந்த அனுபவம் ஒன்று. ஓய்வு பெற்ற பணத்தில் கடலூரில் வீட்டுமனை பார்க்கப் போனோம். மச்சானின் சிநேகிதர் போட்ட மனைப்பிரிவு. இருபத்தேழு வருஷ அனுபவத்தையும் கையோடு எடுத்துக்கொண்டுதான் போனேன்.

"வெள்ளம் வருமா?" என்றேன்.

"வரவே வராது சார். ரெண்டாயிரத்துப் பதினஞ்சுல ஊரே முங்குச்சு, இங்க சொட்டுத் தண்ணி இல்ல."

பக்கத்து மனையில் ஏற்கெனவே ஒரு வீடு இருந்தது. அதன் சுற்றுச்சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மேலே வெயில் பட்டு வெளுத்த மஞ்சள். இடுப்பு உயரம்வரை புது மஞ்சள். கோடு போட்டமாதிரி நேராக, நாலு பக்கமும் ஒரே மட்டத்தில். என் மனைவியும் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"பஸ் ஸ்டாண்டு எவ்வளவு தூரம்?" என்று கேட்டேன்.

"அஞ்சே நிமிஷம் மாமா" என்றான் மச்சான். அவனே மறுநாள் என்னைப் பின்னால் உட்காரவைத்து அளந்து காட்டினான். ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலை ஐந்து மணி, புல்லட். ரயில்வே கேட் திறந்திருந்தது. நாலே முக்கால் நிமிஷம் ஆனது.

வீட்டுக்கு வந்து பழைய பழக்கத்தில் ஒரு பட்டியல் போட்டேன். விலை, தூரம், தண்ணீர், சொந்தக்காரர் பக்கத்தில் இருப்பது. தண்ணீருக்கு எத்தனை மதிப்பெண் போடுவது என்று மனைவி கேட்டாள். பத்து போதும் என்றேன். தை பிறந்ததும் பதிவு செய்தோம். கிணறு ஈசானியத்தில்தான் தோண்டியிருக்கிறோம்.